பதினொன்றா, பதினேழா?

ரவுண்டப், மொன்டானா
செப்டம்பர் 9, 1974

திரு. டெல்பர்ட் ரக்மேன் அவர்களுக்கு,

சனிக்கிழமை காலை நீங்கள் என்னைக் கொல்லப் பார்த்தீர்கள். நமக்குள் முன்பின் பழக்கம் கிடையாது. ஆகவே இது சொந்தப் பகையாக இருக்காது என்று வைத்துக்கொண்டு, மரியாதையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் இங்கா ப்ரெக்கே. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். டயர் கடைகளில் சக்கரச் சமன் எடையாக வைத்துக் கழித்துப் போடும் ஈயத்தைப் பொறுக்கி வந்து, உருக்கி, நானே குண்டு வார்த்து, நானே தோட்டா அடைத்துச் சுடுகிறவள். செம்பு உறை போட்ட கடைக் குண்டுக்கு எவ்வளவு வெடிமருந்து என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் என் அச்சில் வார்க்கிற குண்டுக்கு ஒரு புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. இரண்டு வருடமாகத் தேடினேன். வெடிமருந்துக் கம்பெனிக்குக்கூட எழுதிப் பார்த்தேன். "நாங்கள் சோதிக்காததைச் சொல்ல முடியாது" என்று பதில் வந்தது.

அப்போதுதான் நம் வார்ப்புக் குண்டுச் சங்கத்தின் ஆகஸ்ட் இதழ் வந்தது. உங்கள் பத்தி. அதே அச்சு, அதே குண்டு, என்னிடம் இருக்கும் அதே பச்சை டப்பா மருந்து! சமையலறையில் குதித்தேன் என்றால் நம்புவீர்களா? என் பூனை இன்னும் என் பக்கம் வரவில்லை.

விதிப்படி குறைவாக ஆரம்பித்துத்தான் உங்கள் அளவுக்கு வந்தேன். முதல் குண்டிலேயே துப்பாக்கி என் தோளைப் பெயர்த்தது. தோட்டாவை உள்ளே வைத்து மூடும் போல்ட் திறக்கவில்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த கஸ், "இங்கா, அது என்ன சத்தம்? பீரங்கி எதாச்சும் வாங்கிட்டியா?" என்றார். மரச் சுத்தியலால் அடித்துத்தான் திறந்தோம். தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடி, தேய்ந்த காசு மாதிரி தட்டையாகிப் போயிருந்தது. என் துப்பாக்கி பலமானது. அதனால்தான் கடிதம் எழுதக் கை இருக்கிறது.

விளக்கம் தேவை.

இங்கா ப்ரெக்கே

*

ஹெட்குவிஸ்ட் மரமில், ஐடஹோ
செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய திருமதி ப்ரெக்கே,

கடிதம் கிடைத்தது. தங்களுக்குக் காயம் இல்லை என்று அறிந்து மகிழ்ச்சி.

நான் இந்த மில்லில் ரம்பங்களுக்குப் பல் தீட்டுகிறவன். ஒரு பல் மயிரிழை பிசகினாலும் ரம்பம் தெறிக்கும். பிசகாமல் பத்தொன்பது வருடம் செய்து வருகிறேன். தாங்கள் குறிப்பிடும் அளவை நானே நானூறு முறைக்கு மேல் சுட்டிருக்கிறேன். அது மிக மென்மையான அளவு. போல்ட் இறுகும் என்பது நடக்காத காரியம்.

தராசு சமநிலையில் உள்ளதா? ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்ததா? டப்பா மாறியதா? இம்மூன்றையும் சோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பழக்கம் குறைந்தவர்களுக்கு இத்தகைய தவறு நேர்வது இயல்பு.

டி. ரக்மேன்

*

ரவுண்டப்
செப்டம்பர் 18

ரக்மேன் அவர்களே,

பழக்கம் குறைந்தவளா! நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனிச் சாலையில் பேருந்து ஓட்டுகிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

தராசைத் தூக்கிக்கொண்டு நேரே மாத்திரை விற்கிற மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் எடைக்கல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "இங்கா, உன் தராசு என் தராசைவிட ஒழுங்கா நிக்குது. விக்கிறியா?" என்றார். மருந்து இருமுறை விழவில்லை. மீதி ஒன்பது தோட்டாக்களையும் பிரித்து எடை பார்த்துவிட்டேன். டப்பா பச்சைதான். நிறம் தெரியாத அளவுக்கு எனக்குக் கண் அவியவில்லை.

உங்கள் பத்தியைக் கத்தரித்து இத்துடன் ஒட்டி அனுப்புகிறேன். மூன்றாவது வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். பதினேழு கிரெயின் எடை மருந்து. அச்சில் இருக்கிறது. மென்மையான அளவாம்! எதற்கு மென்மை, கல் உடைக்கவா?

இங்கா ப்ரெக்கே

*

தந்தி
செப்டம்பர் 21

சுட வேண்டாம். பதினேழு அல்ல. பதினொன்று. யார் கேட்டாலும் சொல்லவும். கடிதம் பின்னால். ரக்மேன்.

*

ஹெட்குவிஸ்ட் மரமில்
செப்டம்பர் 22

திருமதி ப்ரெக்கே,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

அச்சில் வந்ததை நான் படிக்கும் வழக்கமில்லை. நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியாததா என்ற அகம்பாவம். நீங்கள் ஒட்டி அனுப்பிய துண்டைப் பார்த்ததும் மில் அலுவலகத்துக்கு ஓடினேன். இங்கே இருப்பது அந்த ஒரு தொலைபேசிதான். ஸ்போகேனில் இதழைத் தட்டச்சு செய்யும் ஓப்பல் ஸ்டிங்லியைக் கூப்பிட்டுக் கத்தினேன். வாழ்க்கையில் நான் கத்தியது அதுதான் முதல் முறை. அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஓப்பல் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் ரக்மேன், உங்க தாள் என் கையிலதான் இருக்கு. நீங்க போட்டிருக்கிறது ஏழு. நெஜமா ஏழுதான். மூக்கு வச்ச ஏழு."

அறைக்கு வந்து என் நகலை எடுத்துப் பார்த்தேன். ஓப்பல் சொன்னதே சரி. என் ஒன்றுக்குத் தலையில் ஒரு கொக்கி உண்டு. அவசரத்தில் எழுதினால் கொக்கி நீள்கிறது; பதினொன்றின் கடைசி ஒன்றில் நீண்டுவிட்டது. யார் பார்த்தாலும் அது ஏழுதான். தவறு ஓப்பலுடையது அல்ல. உங்களுடையதும் அல்ல. பழக்கம் குறைந்தவர் என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த இதழ் போனது இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. ஓப்பல் முகவரிகளைப் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டேன். பதில் அட்டை இணைந்த தபால் அட்டைகளாக வாங்கி, ஒவ்வொன்றிலும் என் கையாலேயே எழுதுகிறேன், எண்ணில் அல்ல, எழுத்தில். "கிடைத்தது, சுடமாட்டேன்" என்று கையெழுத்திட்டு எல்லோரும் திருப்பி அனுப்ப வேண்டும். நேற்றும் இன்றுமாக நூற்று நாற்பது முடிந்தது. விரல் மடங்க மறுக்கிறது. மடங்காமல் போகட்டும்.

டெல்பர்ட் ரக்மேன்

*

ரவுண்டப்
செப்டம்பர் 26

டெல்பர்ட்,

உங்களைத் திட்டுவதற்காக எழுதி வைத்திருந்த மூன்று பக்கங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். நல்ல வாசகங்கள். வீணாகிப் போயின.

நீங்கள் இப்படித் திறந்து எழுதிய பிறகு நான் மட்டும் மூடி வைத்திருப்பது நியாயமில்லை. "விதிப்படி குறைவாக ஆரம்பித்தேன்" என்று முதல் கடிதத்தில் எழுதினேன் அல்லவா? பொய். சனிக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமைதான் குண்டு வார்த்து முடித்தேன். அச்சில் வந்திருக்கிறது, ஐடஹோக்காரர் சுட்டுப் பார்க்காமலா எழுதியிருப்பார், பிறகென்ன என்று நேராகப் பதினேழை ஊற்றினேன். கீழிருந்து படிப்படியாக ஏறியிருந்தால் பதின்மூன்றிலேயே துப்பாக்கி எனக்குச் சேதி சொல்லியிருக்கும். எனக்கும் தெரியும், கஸ்ஸுக்கும் தெரியும். கஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை, நல்ல மனுஷன்.

சரி, பாவக்கணக்கைப் பிறகு பார்ப்போம். மொன்டானாவில் எத்தனை பேர்? பெயர்களை அனுப்புங்கள். அட்டை போகிறபடி போகட்டும். எனக்கு இங்கே தொலைபேசி இருக்கிறது, உரத்த குரலும் இருக்கிறது. ஒவ்வொருவரையும் பிடிக்கிறேன்.

இங்கா

*

ஹெட்குவிஸ்ட் மரமில்
அக்டோபர் 8

இங்கா,

அவசரம். தொலைபேசியில் பலமுறை கூப்பிட்டும் நீங்கள் கிடைக்கவில்லை, அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இருநூற்று ஒன்பது பதில்கள் வந்துவிட்டன. உங்கள் மாநிலத்தில் நீங்கள் பிடித்த பதினெட்டு பேரையும் சேர்த்துத்தான். அதில் ஒருவர், "அந்தப் பெண்மணி என்னைக் குளியலறையிலிருந்து வரவழைத்துச் சத்தியம் வாங்கினார்" என்று எழுதியிருக்கிறார்.

மீதி மூன்று. ஒருவர் வசந்தத்திலேயே இறந்துவிட்டார். ஒருவர் அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் இருக்கிறார், துப்பாக்கி வீட்டில் பூட்டியிருக்கிறது என்று அவர் மனைவி சொன்னார். மூன்றாமவர் எய்னோ லம்பினேன். ரெட் லாட்ஜுக்கு மேலே ஓடைப் பள்ளத்தாக்கில் தனியாக இருக்கிறார். தொலைபேசி கிடையாது. தபால் பெட்டி மலையடியில். மாதம் ஒருமுறை இறங்கி வந்து எடுப்பாராம்.

அவர் ஜூலையில் எனக்கு எழுதிய கடிதத்தை இன்றுதான் தேடி எடுத்தேன். "உங்கள் அளவு இதழில் வந்ததும் அடைத்துவிடுவேன். அக்டோபர் இருபதாம் தேதி வான்கோழி பரிசு வைக்கும் சுடும் பந்தயத்துக்கு முன் பழகிப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அவருடையது பழங்கால ராணுவத் துப்பாக்கி. போல்ட்டைப் பிடித்து நிறுத்த அதில் ஒரே ஒரு பல்தான். உங்களுடையது தாங்கியது. அது தாங்காது. போல்ட் பின்னால் வந்தால் நேரே முகம்தான்.

ரெட் லாட்ஜ் காவல் அலுவலகத்துக்குச் சொன்னேன். பாலம் பழுது, திங்கட்கிழமைக்கு மேல் பார்க்கிறோம் என்றார்கள். எனக்கு இங்கிருந்து இரண்டு நாள் பயணம். உங்களுக்கு மூன்று மணி நேரம் என்று வரைபடம் சொல்கிறது. கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

டெல்பர்ட்

*

ரவுண்டப்
அக்டோபர் 13, ஞாயிறு

டெல்,

உயிரோடு இருக்கிறார்! முதலில் இதைப் படித்து மூச்சு விடுங்கள். உங்கள் மில்லுக்கு நேற்றே தந்தி கொடுத்துவிட்டேன். இது முழுக் கதை.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோது கிடைத்தது. சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்தேன். ரெட் லாட்ஜ் தாண்டியதும் பனி. பாலத்துக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஓடையில் கல் மேல் கல்லாகக் கால் வைத்துத் தாண்டினேன். ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போனது. அந்த நேரத்தில் உங்களைப் பற்றி நான் சொன்னதை எழுத மாட்டேன்.

தாண்டிக் கரையேறுகிறேன், மேலேயிருந்து 'டம்' என்று ஒரு வெடி.

டெல், அங்கேயே நின்று கேட்டேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தேன். மறுபடி 'டம்'! அவ்வளவு சந்தோஷமாக ஒரு வெடிச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மெல்லிய சத்தம். பதினேழு இல்லை, அவர் முன்பே அடைத்து வைத்த பழைய அளவு. ஓடினேன். செங்குத்தான மேடு, ஈர பூட்ஸ், எனக்கு நாற்பத்தொரு வயது. ஒவ்வொரு வெடிக்கும் 'இது இல்லை, இது இல்லை' என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஐந்து வெடி எண்ணினேன்.

மேட்டின் மேல் வெட்டவெளி. ஒரு அடிமரத்தை மேசையாக்கி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மேசையில் இரண்டு பெட்டிகள். காலியான பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தார். ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே தள்ளி போல்ட்டை மூடினார். இருபதடி தூரத்திலிருந்து கத்தினேன். "சுடாதீங்க! சுடாதீங்க!" தலை அசையவில்லை. சுரங்கத்தில் முப்பது வருடம் வெடி வைத்தவருக்குக் காதா இருக்கும்! கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்தார்.

கையில் காபி ஃபிளாஸ்க் இருந்தது. எறிந்தேன்.

தோள்பட்டையில் சரியாகப் பட்டது. துப்பாக்கி மூக்கு தரையில் குத்தியது. விரல் இன்னும் விசைக்குப் போகவில்லை, கடவுள் புண்ணியம்.

"யாருடா அது! கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று திரும்பியவர், என்னைப் பார்த்ததும், "பொம்பளையா? என்னத்துக்கும்மா என்னை அடிக்கிற?" என்றார்.

"பதினேழு போட்டீங்களா?"

"என்ன?"

"ப-தி-னே-ழு!"

"வயசா கேக்குற? அம்பத்தெட்டு! கண்ணாலம் எல்லாம் வேண்டாம்மா, இப்படியே நல்லாத்தான் இருக்கேன்!"

டெல், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் பயந்துபோய்த் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் மேல் போட்டார். உங்கள் அட்டையின் வாசகத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தார். துப்பாக்கியை மெல்லத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். குடிசைக்குள் போய் குண்டைப் பிடுங்கி மருந்தைத் தராசில் கொட்டினார். பதினேழு. முள் அசையவில்லை. மிகவும் ஒழுங்கான மனிதர், உங்களை மாதிரி.

அந்தச் சின்னக் குவியலை ஒரு தாளில் மடித்துத் தனியாக வைத்தார். பிறகு காபி போட்டார். ஏலக்காய் ரொட்டி வெட்டினார்.

"கொஞ்சம் ஜாஸ்தின்னுதான் தோணிச்சு," என்றார். "வேற எங்க போய்ப் பாக்குறது? எந்தப் பொஸ்தகத்துல இருக்கு? இந்த ஆளு ஒருத்தர்தான எழுதுறாரு." ரொட்டியை என் பக்கம் தள்ளி, "ஆளு எப்படி?" என்றார்.

"தெரியாது. கையெழுத்து மோசம்," என்றேன்.

"மலை ஏறி வந்து அடிக்கிறதுக்கு ஆள் வச்சிருக்காரே. நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்."

இங்கா

*

ஹெட்குவிஸ்ட் மரமில்
அக்டோபர் 17

அன்புள்ள இங்கா,

உங்கள் தந்தி வந்தபோது ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே மரக்கட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன். மேற்பார்வையாளர் வந்து, "ரக்மேன், உடம்பு சரியில்லையா?" என்றார். "சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.

நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அதனால் சொல்ல வேண்டிய வேறொன்றைச் சொல்கிறேன். பத்தியை நிறுத்திவிட்டேன். ஓப்பலுக்கு எழுதிவிட்டேன். ஒன்பது வருடம் எழுதினேன். அதில் எத்தனை கொக்கிகள் இருந்தனவோ, யார் யார் தப்பித்தார்களோ, எனக்குத் தெரியாது. ஒரு மனிதன் இருபதடி தூரத்திலிருந்து வந்த ஃபிளாஸ்க்கினால் பிழைத்தான். அடுத்தவனுக்கு யார் எறிவார்கள்?

டெல்

*

ரவுண்டப்
அக்டோபர் 21

டெல்,

நிறுத்திவிட்டீர்களாமே! நல்லது. நாளை முதல் இருநூறு பேரும் எங்கே போவார்கள்? "என் மச்சான் இவ்வளவு போடுவான்" என்று மதுக்கடையில் கேட்டதை ஊற்றுவார்கள். அதற்கு உங்கள் மூக்கு வைத்த ஏழே தேவலாம்.

என் யோசனையைக் கேளுங்கள். நீங்கள் ஓர் அளவு எழுதுகிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் அது வேறு ஊருக்கு, வேறு ஆளுக்கு, வேறு துப்பாக்கிக்குப் போக வேண்டும். அந்த ஆள் கீழிருந்து ஏறிச் சுட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஓப்பல் தட்டச்சு செய்யலாம். எண் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு வரியும் வரக்கூடாது. இரண்டாவது ஆள் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். வேறு யாருக்கு உங்களிடம் இவ்வளவு சந்தேகம் இருக்கிறது?

சும்மா பேச்சு இல்லை. வியாழக்கிழமை ஆசிரியர் கூட்டம், பேருந்து ஓடவில்லை. பாலமும் திறந்துவிட்டார்கள். எய்னோவிடம் போனேன். எட்டில் ஆரம்பித்தோம். அரை அரையாக ஏறினோம். ஒவ்வொரு படிக்கும் ஐந்து குண்டு, ஒவ்வொரு கூட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். எட்டு, சிதறல். எட்டரை, பரவாயில்லை. ஒன்பது, கூடி வந்தது. ஒன்பதரை, டெல், ஒன்பதரை! ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன! எய்னோ பலகைக்கு நடந்து போனவர் திரும்பி வரவேயில்லை. போய்ப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி நிற்கிறார். பத்தில் மறுபடி விரிந்தது. பதினொன்றில் இன்னும் விரிந்தது. ஆபத்தில்லை, அழகும் இல்லை.

ஆகவே உங்களிடம் நேராகச் சொல்கிறேன்: உங்கள் பதினொன்றும் தப்பு. ஒன்பதரைதான் சரி.

நேற்றுப் பந்தயம். எய்னோ வான்கோழியை ஜெயித்துவிட்டார். முப்பது பேரில் முதல் ஆள்! பறவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அந்த ஐடஹோக்காரர்ட்ட சொல்லு, ஒரு கால் அவருக்குன்னு!" என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

சுட்டுப் பாருங்கள். பிறகு நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்.

இங்கா

*

ஹெட்குவிஸ்ட் மரமில்
நவம்பர் 2

இங்கா! இங்கா!

ஒன்பதரை!

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். நானூறு முறை சுட்டவனிடம் தப்பு என்கிறாளே என்று. நானூறு முறையும் பதினொன்றிலேயே சுட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. ஒருமுறை போல்ட் சுலபமாகத் திறந்ததும், இது போதும் என்று நின்றுவிட்டேன். கீழே இறங்கிப் பார்க்கவே தோன்றவில்லை. ஆபத்தில்லாதது எல்லாம் நல்லது என்று நினைத்திருக்கிறேன்.

நேற்று மதிய இடைவேளையில் மில்லுக்குப் பின்னால் சுட்டேன். நூறு கஜம். கையில் உறையில்லை, விரல் விறைத்திருந்தது. ஐந்து குண்டு. பலகைக்குப் போய்ப் பார்க்கிறேன், நடுவில் ஒரே ஒரு கிழிசல்! மற்ற நான்கும் பலகையிலேயே படவில்லை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஐந்தும் அதற்குள் இருக்கின்றன! பத்து சென்ட் காசை வைத்தேன். மூடியது!

தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். எனக்கு ஓடத் தெரியும் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. மேற்பார்வையாளர் பதறி, "என்னய்யா, ரம்பம் தெறிச்சிடுச்சா?" என்றார். "அஞ்சு குண்டு, ஒரே ஓட்டை!" என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். தாள் கை மாறிக் கை மாறிப் போனது. எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. படியட்டும். யாரோ சங்கை ஊதிவிட்டார்கள். இடைவேளை முடிந்தது என்று நினைத்து வேலைக்கு ஓடினவர்களும் உண்டு.

ஓப்பலைக் கூப்பிட்டேன். பத்தி தொடர்கிறது என்றேன். "கத்தாதீங்க மிஸ்டர் ரக்மேன், நல்லாவே கேக்குது," என்றார். இனி எந்த அளவுக்குக் கீழேயும் இரண்டு பெயர். முதலில் உங்கள் பெயர், பிறகு என் பெயர். உங்களுடையதை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் இதழுக்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். புதிய அச்சு, இன்னும் கனமான குண்டு. போன வாரம் முழுதும் சோதித்தது. எனக்கு முழு நிச்சயம் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் தயவுசெய்து கீழிருந்து சுட்டுப் பாருங்கள், இங்கா. நான் தவறியிருக்கலாம்!

டெல்